கருப்பர் கதவு முன் ஒரு சமூக அறிவியல் வகுப்பு

ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் முதல் பாடம் மனிதப் பரிணாம வளர்ச்சி. இறந்தோரைப் புதைக்கும் வழக்கம் பற்றி ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆதிச்சநல்லூர்த் தாழிகளையும், அவற்றில் இறந்தவருடன் வைத்த பொருள்களையும் குறிப்பிட்டபோது ஒரு மாணவி எழுந்தாள்.

"அப்போ சாமிய நாமதான் உண்டாக்கினோமா சார்?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. பின்வரிசை மாணவன் ஒருவன் சன்னல் வழியே தெரிந்த அழகர்மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

இந்தக் கேள்வி நம்மில் பலருக்கு வந்திருக்கும். "அதெல்லாம் வீட்ல கேளு" என்று உட்கார வைத்துவிடுவது எளிது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். இந்த முறை கரும்பலகையில் இரண்டு கேள்விகளை எழுதினேன். சாமி உண்டா? சாமி கும்பிடும் பழக்கம் மனிதரிடம் எப்படி வந்தது, அது என்ன வேலை செய்கிறது? முதலாவது அவரவர் மனத்துக்கும் வீட்டுக்கும் உரியது. இரண்டாவதற்குச் சான்றுகளைத் தேடலாம். அரசு நிதியில் மட்டும் இயங்கும் பள்ளியில் மத போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது 51அ பிரிவு. மதத்தைப் போதிப்பது வேறு, மதத்தைப் பற்றிக் கற்பிப்பது வேறு. இந்த வேறுபாடு மாணவர்களுக்கு நாம் நினைப்பதைவிட விரைவில் பிடிபடுகிறது.

எப்படி வந்தது என்பதற்கு அறிஞர்கள் சொல்லும் ஒரு விளக்கம் இது. புதரில் சலசலப்பு. காற்றாக இருக்கலாம், சிறுத்தையாகவும் இருக்கலாம். காற்றைச் சிறுத்தை என்று நினைத்து ஓடியவனுக்குச் சிறிது மூச்சிரைப்புதான் இழப்பு. சிறுத்தையைக் காற்று என்று நினைத்தவனுக்குச் சந்ததியே இல்லை. எனவே எந்த அசைவின் பின்னாலும் 'யாரோ இருக்கிறார்' என்று எண்ணும் மனமே நமக்கு வழிவழியாக வந்தது என்கிறார்கள். இரவில் மாட்டுத்தொழுவத்துக்குத் தனியாகப் போய்வந்த பிள்ளைகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அச்சம் மட்டும் கோயில் கட்டாது, திருவிழா நடத்தாது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1912இல் வெளியிட்ட நூலில், கூடி வழிபடும்போது மனிதர்கள் தம்மைவிடப் பெரிய ஒன்றை உணர்கிறார்கள், அந்தப் பெரிய ஒன்று அவர்களது சமூகமே என்றார். சேர்ந்து ஆடும்போதும் பாடும்போதும் உடலில் எண்டார்ஃபின் சுரந்து நெருக்கம் உண்டாகிறது என்கிறார் ராபின் டன்பார். குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்து உறவை வளர்க்கின்றன. கூட்டம் பெருகினால் அத்தனை பேருக்கும் பேன் பார்க்க முடியாது. அந்த இடத்தைப் பாட்டும் கூத்தும் வழிபாடும் பிடித்துக்கொண்டன என்பது அவர் கருத்து. வகுப்பே சிரித்தது. ஒரு பையன் பக்கத்தில் இருந்தவன் தலையில் கைவைக்க, அவனை அடக்கச் சிறிது நேரமாயிற்று.

இவற்றையெல்லாம் பார்க்க நாங்கள் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை.

முதலில் கிடாரிப்பட்டிப் பக்கம் உள்ள அழகர்மலைக் குகைத்தளம். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழிக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. சமணத் துறவியருக்காகக் கொடை அளித்தவர்களின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. உப்பு வணிகர், வெல்லப்பாகு விற்றவர், கலப்பைக் கொழு விற்றவர், துணி வணிகர், மதுரைப் பொற்கொல்லர் எனப் பல தொழிலாளர்கள். வேறுவேறு சரக்கு விற்பவர்கள் ஏன் ஒரே பாறையில் பெயர் பொறித்தார்கள் என்று கேட்டேன். "மொய் நோட்டு மாதிரி சார்" என்றான் ஒருவன். அதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை. முன்பின் அறியாதவருக்குக் கடன் கொடுக்க வேண்டிய வணிகனுக்கு, 'இவரும் நம்மோடு சேர்ந்து கொடுத்தவர்' என்பது ஓர் உறுதிமொழிதானே.

அடுத்து பதினெட்டாம்படிக் கருப்பர். அங்கே உருவம் கண்ணுக்குத் தெரியாது. பெரிய கதவுகளுக்குச் சந்தனம் சாத்தி வழிபடுகிறார்கள். கொடுக்கல் வாங்கல், பாகப்பிரிவினை, களவு என எத்தனையோ வழக்குகள் அந்தக் கதவுமுன் சத்தியம் செய்து தீர்க்கப்பட்டுள்ளன. மேலிருந்து ஒரு கண் பார்க்கிறது என்ற நம்பிக்கை, காவலர் இல்லாத இடத்திலும் மனிதரை நேர்மையாக நடக்கச் செய்கிறது. பெருஞ்சமூகங்கள் உருவானதற்கு இது உதவியது என்கிறார் உளவியலாளர் ஆரா நொரென்சயான். இதை எல்லோரும் ஏற்கவில்லை. சமூகங்கள் பெருகிய பிறகே இத்தகைய தெய்வங்கள் வந்தன என்று 2019இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. பதிவு கிடைக்காத காலங்களை 'நம்பிக்கை இல்லாத காலங்கள்' என்று கணக்கிட்டுவிட்டார்கள் என்ற விமர்சனம் எழுந்தது. 2021இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இந்தக் கதையை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். 'சான்று கிடைக்கவில்லை' என்பதற்கும் 'இருந்ததில்லை' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட நன்றாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

மூன்றாவது, சித்திரைத் திருவிழா. ஜூன் மாத வகுப்பில் அந்த நினைவு எல்லோருக்கும் புதிதாகவே இருந்தது. மலையிலிருந்து மதுரைக்குச் சுமார் 21 கிலோமீட்டர். கள்ளர் கோலத்தில் வரும் அழகர் வழியில் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று வருகிறார். தங்கையின் கல்யாணத்துக்குத் தாமதமாக வந்து கோபித்துத் திரும்புகிறார் என்பது மக்கள் சொல்லும் கதை. மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க வருகிறார் என்பது கோயில் மரபு. மாசியில் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, இரு விழாக்களையும் இணைத்தவர் திருமலை நாயக்கர் (1623–1659) என்பது வரலாற்றுத் தரப்பில் பரவலாகச் சொல்லப்படுவது. சைவ நகரமும் வைணவ மலையும், சுற்றியுள்ள சிற்றூர்களும் ஒரே ஆற்றங்கரையில் கூட ஓர் ஏற்பாடு. கோயிலுக்கும் சுற்றுவட்டாரச் சமூகங்களுக்கும் உள்ள உறவை விரிவாக ஆராய்ந்த தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' நூல் பள்ளி நூலகத்தில் இருந்தால் நல்லது.

நீர்மோர்ப் பந்தல்களில் யார், எவர் என்று கேட்காமல் குவளையை நீட்டுகிறார்களே, அது திருவிழாவின் விளைவா, அவர்களது இயல்பா? மொரீசியசில் தமிழர்களின் தைப்பூசக் காவடியை ஆராய்ந்த திமித்ரிஸ் சிகலடாஸ் குழுவினர் 2013இல் இதற்கு நெருக்கமான ஒன்றைக் கண்டனர். வெறும் கூட்டுப் பிரார்த்தனையில் இருந்தவர்களைவிட, அலகு குத்திய காவடியில் பங்கேற்றவர்கள் ஆய்வில் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட பணத்திலிருந்து கூடுதலாக நன்கொடை கொடுத்தார்கள். உடன் நடந்து பார்த்தவர்களும் அப்படியே.

இந்த இடத்தில் பாடத்தை முடித்திருந்தால் அது பாதிப் பாடம்தான். கேள்வி கேட்ட அதே மாணவி மீண்டும் எழுந்தாள். "எல்லாரையும் சேக்குதுன்னா, எங்க பாட்டியோட அம்மாவ ஏன் சார் உள்ள விடல?"

நான் தயாரித்து வைத்திருந்த குறிப்பில் இதற்கு விடை இல்லை. 'நாம்' என்று ஒரு வட்டம் போட்டால் அதற்கு ஒரு வெளிப்புறமும் உண்டாகிறது என்று மட்டும் சொன்னேன். பிறகு 1939 ஜூலை 8ஆம் நாளைப் பற்றிப் பேசினோம். அன்றுதான் வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை தடுக்கப்பட்டிருந்தவர்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். வட்டத்தைப் போட்டவர்களும் மனிதர்கள்தான், அழித்து விரித்தவர்களும் மனிதர்கள்தான். பாட்டியின் அம்மாவுக்கு அன்று என்ன வயது என்று கேட்டுவரச் சொன்னேன். மற்றவர்களுக்கு வேறு பணி. வீட்டுப் பெரியவர்களிடம் மூன்று கேள்விகள். நம் ஊர்த் திருவிழாவில் யார் யாருக்கு என்ன வேலை? யார் எங்கே நிற்பார்கள்? எது மாறியிருக்கிறது? சாதிப் பெயரை எழுத வேண்டாம், நிற்கும் இடத்தை மட்டும் வரைந்தால் போதும் என்றேன். முந்தைய ஆண்டு ஒரு செயல்பாட்டில் நான் அப்படிச் சொல்லத் தவறி, வகுப்பில் தேவையற்ற சங்கடம் ஏற்பட்டது.

திங்கட்கிழமை முப்பத்தொரு வரைபடங்கள் வந்தன. பெரும்பாலானவற்றில் தேர், சப்பரம், தப்பு, பந்தல், வரிசை. ஒன்றில் மட்டும் கோயிலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதன் அடியில் ஒரு புள்ளி. "ஆத்தா இங்க நின்னுச்சாம். பதினாறு வயசாம். அப்புறம் உள்ள போச்சாம்" என்று எழுதி, மரத்திலிருந்து வாசலுக்கு ஓர் அம்புக்குறி போட்டிருந்தாள்.