ஆடுகளத்தில் முதலுதவி

விளையாட்டு உடலுக்கு உரம் தரும். உள்ளத்திற்கு ஒழுங்கு தரும். இதனை மறுப்பார் இலர். ஆயின், ஆட்டம் பயிற்றுவோர் யாவரும் அடிபட்டவனைக் காக்கவும் கற்றிருக்கின்றனரா என்று கேட்டால், 'ஆம்' என்று துணிந்து கூற இயலாது. பந்து பிடிக்கும் முறையைப் பத்து மாதம் கற்பிக்கின்றோம். மூச்சு நின்றவனைக் காக்கும் முறையைப் பத்து நிமிடமேனும் கற்பிக்கின்றோமா? இக்குறையைப் போக்கும் எண்ணத்துடன் இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

நான் மருத்துவன் அல்லன். உல்லாஸ்நகரில் ஞாயிறுதோறும் சிறுவர்களுக்குக் கபடியும் கிரிக்கெட்டும் பயிற்றும் தொண்டர்களுள் ஒருவன். முதலுதவிப் பயிற்சி பெற்றவன். போர்க்காலத்தில் படைமுகாமாக இருந்த இவ்விடத்தில், 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் சிந்து மக்கள் வந்து குடியேறினர். 1949 ஆகஸ்ட் 8ஆம் நாள் இந்நகருக்கு அடிக்கல் நாட்டியவர், அந்நாளைய கவர்னர் ஜெனரல் இராஜாஜி. இன்றும் ஒன்று முதல் ஐந்து வரை 'காம்ப்' என்று எண்ணிட்டே பகுதிகளை அழைக்கின்றோம். வீடுகள் நெருங்கிய ஊர், வெற்றிடம் குறைவு. ஒரே திடலில் இரண்டு மூன்று ஆட்டங்கள் நடப்பது எங்களுக்கு இயல்பு. அதனால் வரும் இடர் சிறிதன்று. 2024 ஜனவரியில் மாதுங்கா தட்கர் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த 52 வயதினர் ஒருவர், அதே திடலில் நடந்த மற்றோர் ஆட்டத்தின் பந்து காதுக்குப் பின்னே தாக்கி உயிர் நீத்தார். இடநெருக்கடி நம் கையில் இல்லை. எச்சரிக்கை நம் கையில் உண்டு.

முதலுதவி யாது? மருத்துவர் கைக்குச் சேரும் வரையில் உயிரைக் காத்தலும், தீங்கு மிகாமல் தடுத்தலுமே ஆகும். ஒருவன் விழுந்தால் முதலில் அவ்வாட்டத்தை மட்டுமன்றித் திடலில் நடக்கும் எல்லா ஆட்டங்களையும் நிறுத்துக. அடுத்து, கூட்டத்தை விலக்குக. "தண்ணீர் கொடு" என்று தமிழிலும் "பானீ தோ" என்று இந்தியிலும் பத்துக் குரல்கள் எழும். நினைவிழந்தவன் வாயில் நீரூற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும்; ஊற்றவே கூடாது. 'யாராவது ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்' என்று பொதுவில் கூவினால் ஒருவரும் கூப்பிடார். ஒருவரைச் சுட்டி, "நீங்கள் 108ஐ அழையுங்கள்" என்று கூறுக. இன்னொருவரை வாயிலில் நிறுத்தி வண்டிக்கு வழிகாட்டச் செய்க.

மூச்சு நின்றால்

தோளைத் தட்டி அழையுங்கள். விடையில்லை, மூச்சும் இயல்பாக இல்லை, அல்லது இடையிடையே திணறல் மட்டும் உள்ளது. இந்நிலையில் காத்திருத்தல் ஆகாது. மல்லாந்து கிடத்தி, மார்பின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறுகையைச் சேர்த்து, முழங்கையை மடக்காமல் அழுத்துக. ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். சிறு குழந்தையாயின் மார்புக்கூட்டின் மூன்றில் ஒரு பங்கு ஆழம். வேகம் நிமிடத்திற்கு 100 முதல் 120. ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் மார்பு முழுவதும் எழ விடுக. பயிற்சி பெற்றவராயின் 30 அழுத்தத்திற்கு 2 முறை வாயோடு வாய் வைத்து மூச்சூட்டுக. பெறாதவர் அழுத்தத்தை மட்டும் விடாது செய்க. கை சோர்ந்தால் ஆள் மாறுக.

இதன் பயன் யாது? 2021 ஜூன் 12ஆம் நாள் கோபன்ஹேகனில், டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று சாய்ந்தார். மார்பழுத்தமும் மின்னதிர்ச்சிக் கருவியும் களத்திலேயே அவரை மீட்டன. மறு ஆண்டே அவர் உலகக் கோப்பையில் ஆடினார். கருவி நம்மிடம் இல்லாதிருக்கலாம். கைகள் உள்ளன அல்லவா?

தலையில் அடி

'எழுந்து நடந்துவிட்டான், ஒன்றுமில்லை' என்பது களத்தில் அடிக்கடி கேட்கும் சொல். அச்சொல்லை நம்பலாகாது. 1998 பிப்ரவரியில் டாக்காவில், தலைக்கவசமின்றி மட்டையாளருக்கு அருகே நின்ற இந்திய வீரர் இராமன் லாம்பாவைப் பந்து தலையில் தாக்கியது. அவர் தாமே நடந்து களத்தைவிட்டு வெளியேறினார். மூன்று நாளில் மறைந்தார். மண்டைக்குள் கசியும் குருதி வெளியே தெரிவதில்லை.

ஆதலின், தலையில் அடிபட்டுத் தடுமாறுபவன், மறதியுறுபவன், தலைவலி என்பவன் அன்று மீண்டும் ஆடக்கூடாது. ஐயம் எழுந்தாலே அமர்த்திவிடுக. திரும்பத் திரும்ப வாந்தி, மிகும் தலைவலி, அரைத்தூக்கம், கண்மணிகள் ஒன்றுக்கொன்று அளவு மாறுதல், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று காணினும் உடனே மருத்துவமனை. கழுத்து வலிக்கிறது என்றாலும், கைகால் மரத்தது என்றாலும் தூக்கவோ உட்கார வைக்கவோ வேண்டா. தலையை அசையாது பிடித்துக் காத்திருக்க.

வெயில்

2023 ஏப்ரல் 16ஆம் நாள் நவி மும்பையின் கார்கரில், திறந்த வெளியில் நடந்த விருது விழாவில் அமர்ந்திருந்தோருள் பத்துக்கும் மேற்பட்டோர் வெயில் தாக்கி மாண்டனர். அமர்ந்திருந்தோர்க்கே அந்நிலை எனின், ஓடியாடும் சிறுவனுக்கு என்ன ஆகும்? களைப்பு, தலைசுற்றல், மிகுந்த வியர்வை ஆகியவை முதற்குறிகள். நிழலில் கிடத்தி, உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்க. உடல் கொதித்துப் பேச்சுக் குழறினால் அது உயிர் போக்கும் வெப்பத்தாக்கு. 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை குளிர்ந்த நீரை உடலெங்கும் ஊற்றி விசிறுக. குளிர்விப்பதே இங்கு முதல் மருந்து.

குருதியும் எலும்பும்

காயத்தில் காப்பித்தூளும் மஞ்சளும் அப்புவது நம் வீடுகளில் பழக்கம். அது அழுக்கை உள்ளே அடைக்கும். தூய துணியை வைத்து விடாது அழுத்துக. துணி நனைந்தால் அதன்மேல் மற்றொன்று வைக்க. மூக்கில் குருதி வந்தால் தலையை அண்ணாக்காமல் முன்னே குனியச் செய்து, மூக்கின் மெல்லிய பகுதியைப் பத்து நிமிடம் பிடித்திருக்க.

கபடியில் முழங்காலும் கணுக்காலும் பிசகுதல் மிகுதி. உடனே எண்ணெய் தேய்த்து 'சுளுக்கு எடுக்க' முனைவோரைத் தடுக்க. எலும்பு முறிந்திருந்தால் கேடு பெருகும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 20 நிமிடத்திற்கு மிகாமல் வைத்து, காலை உயர்த்தி வைக்க. முறிவென ஐயுற்றால் கிடந்த நிலையிலேயே அசையாமல் கட்டுக. நிலைத்த பல் விழுந்தால் வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் இட்டு, அரைமணிக்குள் பல் மருத்துவரிடம் சேர்க்க.

வலிப்பு வந்தவன் கையில் சாவியைத் திணிப்பதும் வாயில் எதையேனும் செருகுவதும் வேண்டா. தலைக்குக் கீழே மென்துணி வைத்து, ஒருக்களித்துக் கிடத்துக. ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் 108ஐ அழைக்க.

பையும் ஏடும்

ஒரு பை போதும். கையுறை, கிருமி நீக்கிய துணி, முக்கோணக் கட்டுத்துணி, பிளாஸ்திரி, கத்தரிக்கோல், கரைசல் பொட்டலங்கள் ஆகியவை அதில் இருக்கட்டும். உடன் ஓர் ஏடு: ஒவ்வொரு சிறுவனின் பெற்றோர் தொலைபேசி எண், ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, எந்த மருந்து ஒவ்வாது என்ற குறிப்பு. தாய் தந்தையர் வேலைக்குச் சென்றிருக்கும் ஊர் இது. விழுந்த பிள்ளைக்காக விடை கூற அவ்வேடே அங்கு இருக்கும்.

தோழர்களே! படித்ததால் மட்டும் கை பழகாது. நம் மன்றத்தின் ஆண்டு விளையாட்டு விழாவுக்கு முன் ஒரு நாளை முதலுதவிப் பயிற்சிக்கென ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பரிசுக்கோப்பைக்குப் பணம் திரட்டும் நாம், பயிற்சிப் பொம்மைக்கும் திரட்டலாம். பெற்றோர் தம் பிள்ளைகளை நம்மை நம்பியே திடலுக்கு அனுப்புகின்றனர். மாலையில் அவர்கள் அனைவரும் வீடு திரும்புதலே நம் முதல் வெற்றி. ஆட்டத்தில் பெறும் வெற்றி அதற்குப் பின்னதே.