ஒரே வாடிக்கைக்காரரை நம்பலாமா? மொரீஷியஸ் சீனி தரும் பாடம்



நம் கடைகளில் சீனி மூட்டை பிரிக்காத நாள் இல்லை. ஆலை விலை குவிண்டாலுக்குப் பத்து ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் நமக்கு அன்றே தெரிந்துவிடும். ஆனால் இதே சீனியை வைத்து ஒரு சின்னஞ்சிறு நாடும், ஐரோப்பிய நாடுகளின் பெரிய கூட்டமைப்பும் 34 ஆண்டுகள் பற்று வரவு நடத்திய வரலாறு நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த நாடு மொரீஷியஸ். அரசாங்கங்கள் செய்துகொண்ட வியாபாரம்தானே என்று ஒதுக்காமல் படித்தால், பலசரக்குக் கடைக்கும் மண்டிக்கும் அதில் பாடம் உண்டு.

நாடும் சரக்கும்

இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள தீவு நாடு மொரீஷியஸ். பரப்பு சுமார் 2,000 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கைவினைஞர்களாகவும், 1834-க்குப் பின் ஆங்கிலேயர் ஆட்சியில் கரும்புத் தோட்டக் கூலிகளாகவும் போன தமிழர்களின் வழிவந்தோர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் உண்டு.

1968 மார்ச் 12 அன்று சுதந்திரம் பெற்றபோது, ஏற்றுமதி வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சீனியிலிருந்துதான் வந்தது. சரக்கும் ஒன்றே. பெரும்பகுதியை வாங்கிய வாடிக்கைக்காரரும் ஒருவரே, அது பிரிட்டன். 1951-இல் செய்த காமன்வெல்த் சீனி ஒப்பந்தப்படி நிச்சய விலை கிடைத்து வந்தது.

1973-இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது. நம் பழைய வாடிக்கைக்காரர் ஒரு கூட்டு வியாபாரத்தில் பங்காளியாகச் சேர்ந்துவிட்டால், இனிமேல் கொள்முதலை அவர் ஒருவராக முடிவு செய்ய முடியாதல்லவா? அதே நிலைதான். மொரீஷியஸ் முன்யோசனையோடு 1972-லேயே அந்தக் கூட்டமைப்புடன் உறவு ஒப்பந்தம் செய்துகொண்டது. ராஜதந்திரம் என்று பெரிய பெயர் சொன்னாலும், புதுப் பங்காளிகளின் வாசலுக்கு முன்கூட்டியே போய்ப் பழக்கம் வைத்துக்கொண்டதுதான் அது.

1975 ஒப்பந்தம்

1975 பிப்ரவரி 28 அன்று, ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டுத் தலைநகர் லோமேயில், ஒன்பது ஐரோப்பிய நாடுகளும், ஆப்பிரிக்கா, கரீபியன், பசிபிக் பகுதிகளைச் சேர்ந்த 46 நாடுகளும் கையெழுத்திட்டன. உதவித் தொகை, தீர்வைச் சலுகை ஆகியவற்றோடு சீனிக்குத் தனி உடன்படிக்கையும் அதில் இருந்தது. ஆண்டுக்குச் சுமார் 13 லட்சம் டன் சீனியை, ஐரோப்பாவின் உள்நாட்டு விலையை ஒட்டிய உத்தரவாத விலைக்கு வாங்குவதாக ஐரோப்பா ஒப்புக்கொண்டது. இதில் மிகப் பெரிய பங்கு, சுமார் 4,90,000 டன், மொரீஷியஸுக்கு. நம் இந்தியாவுக்கும் இதே முறையில் தனியாக ஒரு சிறு அளவு கிடைத்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 1974 நவம்பரில் உலகச் சந்தையில் சீனி விலை ராத்தலுக்கு 65 அமெரிக்க சென்ட் வரை ஏறியிருந்தது. உத்தரவாத விலையோ அதைவிடக் குறைவு. அன்றைய விலையைப் பார்த்து ஆசைப்பட்டிருந்தால், வெளியில் விற்பதே லாபம் என்று தோன்றியிருக்கும். மொரீஷியஸ் நீண்ட கால நிச்சயத்தைத் தேர்ந்தெடுத்தது. 1977-க்குள் உலக விலை ராத்தலுக்குப் பத்து சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. அதன்பின் பல ஆண்டுகள், வெளிச்சந்தையைப் போல் இரண்டு மடங்கு, சில ஆண்டுகளில் அதற்கும் மேலான விலை ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்தது.

வந்த லாபம் எங்கே போனது?

இதுதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம். நல்ல விலை வந்த எல்லா நாடும் முன்னேறிவிடவில்லை. மொரீஷியஸ் 1970-லேயே ஏற்றுமதித் தொழில் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. சீனியில் கிடைத்த லாபத்தின் ஒரு பகுதி ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் ஓட்டல்களுக்கும் முதலாயிற்று. லோமே ஒப்பந்தப்படி ஆடைகளும் தீர்வையில்லாமல் ஐரோப்பாவுக்குப் போயின. பிறகு சுற்றுலாவும் வங்கித் தொழிலும் வளர்ந்தன. சீனி ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது, மூன்றாவது சரக்கைக் கடையில் அடுக்கிவிட்டார்கள்.

சலுகை முடிந்த விதம்

சீனி உடன்படிக்கை காலவரையற்றது என்றுதான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் இரண்டாண்டு முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம் என்ற விதியும் அதிலேயே இருந்தது.

2002-இல் பிரேசிலும் ஆஸ்திரேலியாவும், 2003-இல் தாய்லாந்தும், ஐரோப்பா மானியம் கொடுத்துச் சீனியை வெளியே தள்ளுகிறது என்று உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. 2005-இல் இறுதித் தீர்ப்பு ஐரோப்பாவுக்கு எதிராக வந்தது. ஐரோப்பா தன் சீனிக் கொள்கையையே மாற்றியது. கச்சா சீனிக்கு டன்னுக்கு 523.7 யூரோவாக இருந்த உத்தரவாத விலை, படிப்படியாக 335 யூரோ அளவுக்குக் குறைக்கப்பட்டது. அதாவது நூறு ரூபாய் வந்த இடத்தில் அறுபத்து நான்கு ரூபாய். 2007-இல் முன்னறிவிப்பு கொடுக்கப்பட்டது. 2009 செப்டம்பர் 30-உடன் உடன்படிக்கை முடிந்தது.

வழக்கு மூன்றாவது ஆட்கள் தொடுத்தது. அடி விழுந்தது தீவுக்கு. பெரிய இடத்துச் சண்டையில் சிறியவர் பாதிக்கப்படுவதை நாம் கடைத்தெருவிலும் பார்க்கிறோம்.

தீவு செய்த சமாளிப்பு

விலையைக் குறைத்த ஐரோப்பா, பாதிக்கப்பட்ட நாடுகள் மாறிக்கொள்ள உதவித் தொகையும் கொடுத்தது. மொரீஷியஸ் அதைப் பெற்றுக்கொண்டு, பத்தாண்டுத் திட்டம் போட்டுச் செலவிட்டது. பதினொன்றாக இருந்த ஆலைகள் நான்காகச் சுருக்கப்பட்டன. இதுவரை கச்சா சீனியாகக் கப்பலேற்றியதை, தானே சுத்திகரித்து வெள்ளைச் சீனியாக விற்றது. நம் நாட்டுச் சர்க்கரை போன்ற பழுப்புச் சீனி வகைகளைத் தனித் தரமாகக் கூடுதல் விலைக்கு விற்றது. கரும்புச் சக்கையில் மின்சாரம் எடுப்பதைப் பெருக்கியது. லண்டன் வாடிக்கையோடு நில்லாமல், 2009 முதல் ஜெர்மனியின் பெரிய சீனி நிறுவனமான ஸூட்சுக்கருடன் சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்தது.

இதில் நஷ்டமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் போனார்கள். சிறு விவசாயிகள் பலர் கரும்பைக் கைவிட்டார்கள். 2017-இல் ஐரோப்பா உள்நாட்டு உற்பத்திக்கான உச்சவரம்பையும் நீக்கியதால் விலை மீண்டும் அடிபட்டது. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 6 லட்சம் டன் விளைந்த தீவில், 2020 முதல் 2023 வரை 3 லட்சம் டன்னைக்கூட எட்டவில்லை. ஆனாலும் நாடு நொடித்துப் போகவில்லை. காரணம், அதற்குள் சீனி பல சரக்குகளில் ஒன்றாகிவிட்டது. கரீபியனில் உள்ள செயின்ட் கிட்ஸ் தீவோ, முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்த சீனித் தொழிலை 2005-இல் அடியோடு மூட வேண்டியதாயிற்று.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

1. நிச்சய விலையும் நீண்ட கால வாடிக்கையும் நல்லவையே. ஒரு மாத உச்ச விலைக்கு ஆசைப்பட்டு அவற்றை உதற வேண்டாம்.

2. ஆனால் சலுகை நமக்குச் சொத்து அல்ல. கொடுத்தவர் என்றைக்கும் நிறுத்தலாம். ஏஜென்சி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், எத்தனை நாள் முன்னறிவிப்பில் முறிக்கலாம் என்ற விதியைப் படியுங்கள்.

3. லாபம் வரும்போதே அடுத்த சரக்குக்கு முதல் ஒதுக்குங்கள். வாடிக்கை போன பிறகு தேடினால் கையில் முதல் இருக்காது.

4. உதவி கிடைத்தால் அதைப் பழைய நஷ்டத்தை மூடச் செலவழிக்காமல், தொழிலை மாற்றி அமைக்கச் செலவழியுங்கள்.

இன்று இரவு கடை அடைத்ததும் பேரேட்டைப் பிரியுங்கள். நம் விற்பனையில் ஒரே ஓட்டலோ, ஒரே விடுதியோ, ஒரே ஊர்க் கடைகளோ எத்தனை பங்கு என்று கூட்டிப் பாருங்கள். கொள்முதலிலும் அப்படியே பாருங்கள். நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஒருவர் கையில் இருந்தால், அந்த வாடிக்கையை விட வேண்டாம். மரியாதையாகக் காப்பாற்றிக்கொண்டு, இந்த வருஷத்திலேயே இரண்டாவது வாசலைத் திறக்கும் வழியைப் பாருங்கள்.