வேனில் போகும் டிஷ்ஷும் ரசமட்டமும்

மதுரையிலிருந்து பார்த்தால் டிடிஎச் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கின்றன. வேனிலோ கேரவனிலோ டிஷ் எடுத்துப் போகிறவர்கள் கற்க வேண்டிய பாடங்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன. செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. மதுரையோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 டிகிரிக்கும் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறது. டிடி ஃப்ரீ டிஷ்ஷும் சன் டைரக்டும் பயன்படுத்தும் ஜிசாட்-15 கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. அதை மதுரையில் அடிவானத்திலிருந்து 68, 69 டிகிரி உயரத்தில் பார்க்க வேண்டும். டாடா பிளேயின் 83 டிகிரிச் செயற்கைக்கோளுக்கு இன்னும் நிமிர்ந்து 77 டிகிரி. ஏர்டெல்லின் 108.2 டிகிரி மட்டும் சற்றுத் தாழ்ந்து, 53 டிகிரி உயரத்தில் கிடைக்கும். லண்டனில் வீட்டுக் கூரைகளில் இருக்கும் டிஷ்கள் பார்ப்பது 25 டிகிரி உயரம்தான். ஐரோப்பியக் கேரவன்காரர்களுக்காக எழுதப்பட்ட வழிமுறைகளை அப்படியே எடுத்து இங்கே பின்பற்றினால் பாதி பொருந்தாமல் போவது இதனால்தான்.

திசை சிக்கலானதல்ல. சிம்மக்கல்லில் வைகைக்கு முதுகைக் காட்டி நின்றால், மீனாட்சியம்மன் கோயில் ஏறக்குறைய தெற்கே இருக்கும். நேர் தெற்கிலிருந்து இடது கைப் பக்கம் 58 டிகிரி திரும்பினால், அதாவது தெற்குக்கும் கிழக்குக்கும் நடுவில் கிழக்கை ஒட்டிக் கொஞ்சம் கூடுதலாகப் போனால், அது ஜிசாட்-15 இருக்கும் திக்கு. காந்தமுள் காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் மதுரையில் உள்ள வேறுபாடு மிகச் சிறியது, கண்டுகொள்ளாமல் விடலாம். கைப்பேசியின் திசைகாட்டியை மட்டும் வண்டியின் தகரத்தை விட்டு நாலடி தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

திசையின் மேல் தென் மாவட்டத்துக்காரர்களுக்கு உள்ள கவனம் பழைய பழக்கம். 1980களில் கொடைக்கானல் மலையின் ஒளிபரப்புக் கோபுரத்தை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பியவர்கள் இவர்கள். மொட்டை மாடியில் ஒருவர் குழாயைப் பிடித்துத் திருக, கீழே கூடத்திலிருந்து "புள்ளி புள்ளியாத்தான் தெரியுது, இன்னும் கொஞ்சம்... ஆங், விடாதண்ணே!" என்று குரல் வரும். அந்த ஆன்டெனா தரைக்கு இணையாக, அடிவானத்தைப் பார்த்து நிற்கும். எந்தப் பக்கம் திருப்புவது என்பது மட்டுமே அங்கே கேள்வி. டிஷ் வேறு வகை. ஆனாலும் வேன் நின்றதும் டிஷ்ஷைக் கையில் பிடித்து இடமும் வலமும் திருப்பித் திருப்பி அரை மணி நேரம் போக்குகிறவர்களை இன்றும் பார்க்கலாம்.

60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் 3 டிகிரி. நடுவிலிருந்து ஒன்றரை டிகிரிக்கு மேல் விலகினால் சிக்னல் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். செயற்கைக்கோள் உச்சிக்கு அருகில் இருப்பதால், பக்கவாட்டில் 5 டிகிரி தவறினாலும் வானத்தில் அது 2 டிகிரிக்கும் குறைவான விலகல்தான். மெதுவாகத் திருப்பினால் சிக்னல் கைக்குள் வந்துவிடும். டிஷ்ஷைத் தாங்கும் குழாய் செங்குத்தாக இல்லாவிட்டால் கதை வேறு. குழாய் செயற்கைக்கோள் பக்கமாகவோ அதற்கு எதிராகவோ 3 டிகிரி சாய்ந்திருந்தால் அந்த 3 டிகிரியும் முழுதாக உயரத்தில் கழியும் அல்லது கூடும். எவ்வளவு திருப்பினாலும் சிக்னல் வராது. பிராக்கெட்டில் அச்சிட்டிருக்கும் டிகிரி அளவுகோலும் குழாய் நிமிர்ந்து நின்றால்தான் உண்மை பேசும். எனவே முதலில் எடுக்க வேண்டியது கொத்தனார் கையிலிருக்கும் ரசமட்டம். அது இல்லையென்றால் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டாலே தூக்குக்குண்டு ஆகிவிடும். குழாயை ஒரு முறை முன்னாலிருந்தும், ஒரு முறை பக்கத்திலிருந்தும் பார்த்து நூலோடு ஒத்துவருகிறதா என்று சரிசெய்ய வேண்டும். இந்த 2 நிமிட வேலையைச் செய்தவர்களுக்கு மீதி வேலை 10 நிமிடத்தில் முடிகிறது.

இன்னொரு குழப்பம் டிஷ்ஷின் தோற்றத்தால் வருவது. டிடிஎச் டிஷ்ஷில் சிக்னலை வாங்கும் எல்என்பி நடுவில் இல்லை, கீழ்ப்பக்கக் கையில் இருக்கிறது. இதனால் தட்டு எந்தப் பக்கம் முகம் காட்டுகிறதோ, அதைவிட 20, 25 டிகிரி மேலே அது பார்க்கிறது. ஜிசாட்-15க்காக வைத்த தட்டு ஏறக்குறைய 45 டிகிரி மல்லாந்திருக்கும். "வானத்தைப் பார்க்க வேண்டுமே" என்று எண்ணி இன்னும் மல்லாத்தினால் சிக்னல் போய்விடும்.

டிஷ்ஷை வேனின் கேரியரில் போல்ட் போட்டு நிரந்தரமாகப் பொருத்துவது பலருக்கும் தோன்றும் முதல் யோசனை. பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் நின்றிருக்கும் வண்டியும் அசையாத வண்டி அல்ல. சீரியலின் முக்கியமான கட்டத்தில் ஒருவர் தண்ணீர் பாட்டில் எடுக்கப் படியில் காலை வைத்து ஏறினால் ஸ்பிரிங் அமுங்குகிறது, கூரை ஒரு பக்கம் சாய்கிறது, படம் கட்டம் கட்டமாக உடைகிறது. அவர் உட்கார்ந்ததும் படம் திரும்புகிறது. அடுத்து இன்னொருவர் இறங்குகிறார். அனுபவத்தில் நின்றது தரையில் வைக்கும் முக்காலிதான். மூன்று கால்களையும் அகல விரித்து, நடுவில் 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கயிறு கட்டித் தொங்கவிட்டால் சாதாரணக் காற்றுக்கு அசையாது. ராமேஸ்வரம், தனுஷ்கோடிக் கடற்காற்றுக்கும் ஆடி மாதக் காற்றுக்கும் அது போதாது; ஒவ்வொரு காலின் மேலும் ஒரு மணல் மூட்டை வேண்டும்.

தரையில் வைப்பதால் மற்றொரு நன்மையும் உண்டு. ஓட்டுநர்கள் வண்டியைப் புளியமரமோ வேப்பமரமோ பார்த்து நிழலில்தான் நிறுத்துவார்கள், மதுரை வெயிலில் அதைத் தவறென்று சொல்லவும் முடியாது. டிஷ்ஷுக்கோ திறந்த வானம் வேண்டும். ஈரமான இலைக்கூட்டம் இந்த அலைகளைக் குடித்துவிடும். 10 அல்லது 15 மீட்டர் ஆர்ஜி-6 கேபிள் கையிலிருந்தால் வண்டி நிழலிலும் டிஷ் வெயிலிலும் நிற்கலாம். கட்டடங்களைப் பொறுத்தவரை மதுரைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். சிம்மக்கல், யானைக்கல் போன்ற நெருக்கமான தெருக்களில்கூட, 10 மீட்டர் உயரமுள்ள மூன்று மாடிச் சுவரிலிருந்து 4 மீட்டர் தள்ளி வைத்தால் ஜிசாட்-15 தெரியும். 83 டிகிரிக்கு இரண்டரை மீட்டரே போதும். 108.2 டிகிரிக்கு மட்டும் ஏழரை மீட்டர் தேவைப்படும். இது தென்கிழக்குப் பக்கச் சுவருக்கான கணக்கு. வடக்கிலும் மேற்கிலும் எவ்வளவு உயரமான கட்டடம் இருந்தாலும் பாதகமில்லை.

சிக்னல் தேடும்போது செட்டாப் பாக்ஸின் மெனுவில் இரண்டு கோடுகள் தெரியும்: ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. புதியவர்கள் ஏமாறுவது முதல் கோட்டில். கேபிளும் எல்என்பியும் உயிரோடு இருந்தாலே ஸ்ட்ரெங்த் கோடு எழுந்து நிற்கும். பக்கத்துச் செயற்கைக்கோள் கிடைத்தாலும் எழும். 93.5 டிகிரிக்கு ஒன்றரை டிகிரி தள்ளி 95 டிகிரியில் டிஷ் டிவியின் செயற்கைக்கோள், 2 டிகிரி இந்தப் பக்கம் 91.5 டிகிரியில் மீசாட் என்று வானத்தின் அந்தத் தெருவே நெருக்கமானது. பார்க்க வேண்டியது குவாலிட்டி கோட்டை மட்டும். டிஷ்ஷை ஒரு விரல் அகலம் திருப்பி 5 விநாடி காத்திருக்க வேண்டும், பாக்ஸ் சிக்னலைப் பிடித்துக் காட்ட அவ்வளவு நேரம் எடுக்கும். வேகமாகத் திருப்பினால் சரியான இடத்தைத் தாண்டிப் போனதே தெரியாது. குவாலிட்டி வந்த பிறகு உயரத்தை ஒரு நூல் அளவும், கடைசியாக எல்என்பியின் சாய்வையும் திருத்தினால் கோடு மேலும் ஏறும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க எல்என்பியைக் கூடுதலாகச் சாய்க்க வேண்டியிருக்கும் என்பதால் தென் மாவட்டங்களில் இந்தக் கடைசித் திருத்தத்தை விடக்கூடாது.

சரியான நிலை கிடைத்ததும் பெயின்டால் கோடு போட்டுக்கொள்வது அடுத்த ஊரில் கைகொடுக்கும். இந்தக் கோடுகள் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மகிழ்ச்சியான விடை வருகிறது. ஜிசாட்-15க்கு மதுரை, கொடைக்கானல், ராமேஸ்வரம், வேளாங்கண்ணி, கன்னியாகுமரி, சென்னை ஆகிய எல்லா ஊர்களிலும் உயரம் 68க்கும் 70க்கும் இடையில்தான். உயர போல்ட்டை மதுரையில் ஒருமுறை இறுக்கினால், ஊருக்கு ஊர் ஒரு நூல் திருத்தம் போதும். மாறுவது திசை: சென்னையில் வடக்கிலிருந்து 134 டிகிரி, வேளாங்கண்ணியில் 127, மதுரையிலும் ராமேஸ்வரத்திலும் 122, கன்னியாகுமரியில் 116. எல்என்பியின் சாய்வும் இதே அளவில்தான் மாறும். 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்த பின் வாகமன் பக்கம் போகிற வண்டிகள் கூடியிருக்கின்றன. அங்கேயும் மதுரைக் கோடு ஏறக்குறைய பொருந்தும், மலை மரங்கள் இடம்விட்டால். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. கோடு ஊருக்கு உரியது என்பதோடு செயற்கைக்கோளுக்கும் உரியது. சன் டைரக்ட் அப்போது பயன்படுத்திய இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின்வழங்கல் 2010 ஜூலையில் பழுதானபோது, அந்தச் சேவை 91.5 டிகிரிக்கு மாற வேண்டியிருந்தது. பழைய டிஷ்ஷில் பழைய கோட்டைப் பார்த்தால், சேவை இப்போது எந்த டிகிரியில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சேவையைத் தேர்வது வீட்டாரின் விருப்பம். ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமில்லை, எப்போதாவது பயணம் போகிறவர்களுக்கு அது சிக்கனம். ஆனால் அதில் இந்தி சானல்களே மிகுதி. 2024 ஜனவரியில் பொதிகையிலிருந்து பெயர் மாறிய டிடி தமிழ் கிடைக்கும். தமிழ்த் தனியார் சானல்கள் முழுதும் வேண்டுமென்றால் கட்டணச் சேவைதான். கட்டணப் பாக்ஸ் பல வாரம் அணைந்து கிடந்தால் சானல்கள் பூட்டிக்கொள்ளும். புறப்படுவதற்கு முதல் நாள் வீட்டு டிஷ்ஷில் மாட்டிச் சில மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

கைப்பேசியிலேயே எல்லாம் வரும்போது டிஷ் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. மலைப்பாதைகளில் நெட்வொர்க் இல்லை என்பது ஒரு பதில். அதைவிட வலுவான பதில் மதுரையிலேயே இருக்கிறது. சித்ரா பௌர்ணமியன்று அழகர் வைகையில் இறங்கும்போது யானைக்கல் பாலத்தைச் சுற்றி லட்சக்கணக்கான கைப்பேசிகள் ஒரே கோபுரங்களை நெருக்கும். கூட்டத்தில் இறங்க முடியாமல் வேனிலேயே இருக்கும் பாட்டிக்கு நேரலை வேண்டும், கைப்பேசியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். செயற்கைக்கோள் ஒளிபரப்புக்குப் பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஒரு பொருட்டே அல்ல. ஒருவர் பார்த்தாலும் ஊரே பார்த்தாலும் அதே சிக்னல்தான்.

மின்சாரம்: 24 அங்குல எல்இடி டிவி 30 வாட், பாக்ஸ் 10 வாட் என்று வைத்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 3 ஆம்பியருக்குச் சற்று மேல் போகும், 3 மணி நேரத்துக்கு 10 ஆம்பியர்-மணி. வண்டியின் சொந்த பேட்டரியில் இதை ஓட்டினால் காலையில் செல்ஃப் அடிக்காமல் போகக்கூடும், அதுவும் மலையடிவாரத்தில் என்றால் அந்த நாளே வீண். தனி பேட்டரி வைப்பதே முறை. 12 வோல்ட்டிலேயே ஓடும் டிவியும் பாக்ஸும் வாங்கினால் இன்வெர்ட்டர் தின்னும் மின்சாரம் மிச்சம். பாக்ஸிலிருந்து எல்என்பிக்குக் கேபிள் வழியாகவே 13 அல்லது 18 வோல்ட் போகிறது. ஆகவே பாக்ஸை அணைத்துவிட்டுத்தான் எஃப் கனெக்டரைத் திருக வேண்டும். கனெக்டருக்குள் வெளி வலையின் ஒற்றை மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட்டாகும். சிக்னலே இல்லை என்று டிஷ்ஷைக் குறைசொல்லும் பல இடங்களில் குற்றவாளி இந்த மயிரிழை அல்லது வேன் கதவில் நசுங்கிய கேபிள்.

கனமழையில் சிக்னல் போவது பழுதல்ல. 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலைகளை மழைத்துளிகள் சிதறடிக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் 10, 15 நிமிடம் பொறுத்தால் தானே திரும்பும். அந்த நேரத்தில் டிஷ்ஷைத் திருப்பத் தொடங்குகிறவர்கள் மழை விட்ட பிறகும் படமில்லாமல் தவிக்கிறார்கள். 75 அல்லது 90 சென்டிமீட்டர் டிஷ் மழையைக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் ரசமட்டத்தில் இன்னும் கண்டிப்பு கேட்கும்; காற்றையும் அதிகம் பிடிக்கும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் முற்பகல் 11 மணியை ஒட்டிச் சில நிமிடம் படம் மறையும். அப்போது சூரியன் ஜிசாட்-15க்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. டிஷ் எதைப் பார்க்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல நேரமில்லை: சூரியன் நிற்கும் இடமே செயற்கைக்கோள் நிற்கும் திக்கு.

ஓடும் வண்டியில் இந்த டிஷ் வேலை செய்யாது. கப்பல்களில் இருப்பதுபோல் தானே திரும்பிக்கொள்ளும் ஆன்டெனாவுக்கு ஆகும் செலவு குடும்ப வேனுக்குக் கட்டுப்படியாகாது. ஓடும்போது பென்டிரைவில் படம் போட்டுக்கொள்ளலாம், ஓட்டுநர் கண்ணில் திரை படாதபடி.

இடி கேட்பதற்கு முன்பே, வானம் இருண்டதும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும், பிறகு பாதுகாப்பான நேரத்தில் டிஷ்ஷை இறக்கலாம். எடுத்து வைக்கும்போது எல்என்பிக் கையைக் கழற்றி, தட்டைப் பழைய போர்வையில் சுற்றி, பின் இருக்கைக்குப் பின்னால் நிறுத்தி வைக்க வேண்டும். படுக்க வைத்து மேலே பெட்டிகளை அடுக்கினால் தட்டு நெளியும். நெளிந்த தட்டு எந்த ஊரிலும் முழு சிக்னல் தராது.