கண்புரைச் சிகிச்சைக்கு ஏற்ற காலம்

கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று வைத்தியர் சொன்ன மாத்திரத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் கேள்வி, "முற்றிவிட்டதா, இன்னும் முற்ற வேண்டுமா?" என்பதுதான். அந்தக் கேள்வி ஒரு காலத்தில் மிகவும் நியாயமான கேள்வியாகவே இருந்தது. விழியின் ஓரத்தை அகலமாகக் கீறி, லென்ஸை அதன் உறையோடு முழுசாக வெளியே எடுத்து, பல தையல்கள் போட்டு, நோயாளியை நாட்கணக்கில் அசையாமல் படுக்க வைத்து, கடைசியில் ஒரு சோடாபுட்டிக் கண்ணாடியை மாட்டி அனுப்பிய நாட்களில், இருக்கிற பார்வை அநேகமாகப் போன பிறகே கத்தியைத் தொடுவது விவேகமாக இருந்தது. 1949ஆம் ஆண்டு லண்டனில் ஹரால்டு ரிட்லி என்ற வைத்தியர் கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸை வைத்துக் காட்டினார். 1967இல் அமெரிக்காவில் சார்லஸ் கெல்மன், கேளா ஒலியின் அதிர்வால் புரையை உடைத்துச் சிறு துவாரத்தின் வழியே உறிஞ்சி எடுக்கும் முறையைக் கண்டார். 1992 முதல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் அந்த லென்ஸைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது. காத்திருப்பதற்கான காரணம் இவ்வாறு மறைந்துவிட்டது; காத்திருக்கும் வழக்கம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

ஆகையால் புரையின் முதிர்ச்சியை விட்டுவிட்டு, தமது அன்றாட ஜீவனத்தை அளந்து பார்ப்பதே முதற்காரியம். வீட்டில் தினசரிக் காலண்டர் தொங்கும் சுவருக்கு எதிரே, வழக்கமாக அணியும் கண்ணாடியோடு உட்கார்ந்து, உள்ளங்கையைக் குழித்து விழியை அழுத்தாமல் ஒரு கண்ணை மூடி, மற்ற கண்ணால் தேதியையும் அதன் கீழுள்ள சிறிய எழுத்துக்களையும் படித்துப் பார்க்க வேண்டும். பிறகு கண்ணை மாற்ற வேண்டும். இரு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடுவதால், ஒரு கண்ணில் பார்வை வெகுவாகக் குறைந்த பின்னும் அதை அறியாதிருப்பவர்கள் பலர். அத்துடன், முறத்தில் அரிசியைப் பரப்பினால் கல் தெரிகிறதா, பேருந்தின் பலகை கிட்டே வருமுன் படிக்க முடிகிறதா, மாடிப்படியின் கடைசிப் படி எங்கே முடிகிறதென்று நிச்சயமாய்த் தெரிகிறதா, இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்து சாலையையே மறைத்துவிடுகிறதா, இரண்டு மாத்திரைப் பட்டைகளின் பெயரை வேறுபடுத்த முடிகிறதா என்பவற்றை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டால், வைத்தியரிடம் "மங்கலாக இருக்கிறது" என்று பொதுப்படச் சொல்வதைவிட அது நூறு மடங்கு பிரயோஜனப்படும்.

அடுத்தபடி, கண்ணாடியின் பவரைச் சோதிக்க வேண்டும். ஆரம்பப் புரையில் பவர் மாறுவது சகஜம். புதுக்கண்ணாடி ஒன்றினாலேயே ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ சௌகரியமாகக் கழிந்துவிடுவதும் உண்டு. இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்லியாக வேண்டும். லென்ஸின் மத்தியப் பகுதி இறுகும் வகைப் புரையில், நெடுநாளாக வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர் திடீரென்று அது இல்லாமலே பத்திரிகை படிப்பார். "கண் திரும்பிவிட்டது" என்று வீட்டார் சந்தோஷப்படுவார்கள். அது புரை வளர்வதற்கே அடையாளம். சில காலத்தில் தூரப் பார்வையும் கிட்டப் பார்வையும் சேர்ந்தே மங்கும். சொட்டு மருந்தாலோ தைலத்தாலோ புரை கரையும் என்று சொல்பவரை நம்பிக் காலத்தையும் பணத்தையும் இழக்கலாகாது.

மூன்றாவதாக, மங்கலுக்குப் புரை ஒன்றுதான் காரணமா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணின் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பார்கள். கண்ணின் நீரழுத்தத்தை அளப்பார்கள். அன்று சில மணி நேரம் கண் கூசுமாதலால் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வதும், வண்டி ஓட்டாதிருப்பதும் நல்லது. சர்க்கரை வியாதியினால் விழித்திரை கெட்டிருந்தாலும், கண் நீர் அழுத்த நோயினால் நரம்பு நைந்திருந்தாலும், புரையை எடுத்த பின் கிடைக்கும் பார்வை எதிர்பார்த்த அளவு இராது. "புரையை எடுத்தால் எனக்கு எவ்வளவு தெரியும்?" என்று சிகிச்சைக்கு முன்பே கேட்டு அறிவது நோயாளியின் உரிமை.

இவ்வளவும் தெரிந்த பின் தீர்மானம் சுலபமாகிறது. சரியான கண்ணாடி அணிந்து, நல்ல வெளிச்சத்தில் இருந்தும், தமக்கு அவசியமான காரியத்தைப் பிறர் உதவியின்றிச் செய்ய இயலவில்லையென்றால், சிகிச்சைக்குக் காலம் வந்துவிட்டது என்பதே என் அபிப்பிராயம். சோதனைப் பலகையில் 6/12 வரி வரை படிக்கும் ஒருவர் இரவில் லாரி ஓட்டுபவராக இருந்தால் அவருக்கு அது போதாது. 6/18 மட்டுமே படித்தும் தம் அலுவல்களில் குறை காணாதவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டு பொறுத்திருக்கலாம்.

ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. இளந்தேங்காயின் வழுக்கை நாளடைவில் கொப்பரையாவது போல லென்ஸும் இறுகிக்கொண்டே போவதால், அதை உடைக்க அதிக அதிர்வு தேவைப்பட்டு, கருவிழியின் உட்புறத்து நுண்ணிய அணுக்கள் சேதமடைகின்றன. லென்ஸைத் தாங்கும் இழைகளும் தளர்கின்றன. மிகவும் முற்றிய புரை ஊதிப் பெருத்தோ கசிந்தோ கண்ணின் அழுத்தத்தை ஏற்றி, சிவப்பும் கடும் வலியும் வாந்தியும் உண்டாக்கும். அப்போது சிகிச்சையில் தாமதித்தால் நரம்பே நிரந்தரமாக அழியக்கூடும். சர்க்கரை நோயாளியின் விழித்திரையைப் பார்க்க முடியாதபடி புரை மறைத்தாலும் ஒத்திப்போடுவது உசிதமன்று. சட்டையின் வெள்ளை பழுப்பாகத் தெரியும் நிலையில் பார்வையை விட்டுக்கொடுத்துப் பழகிவிடும் பெரியவர்களை, வீட்டிலுள்ள பிள்ளைகள்தாம் கவனிக்க வேண்டும்; "எனக்கென்ன, வயசாகிவிட்டது" என்று அவர்கள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்வது அன்பாகாது.

கண் சிவந்து பீளை தள்ளும்போதும், கண்ணீர்ப்பையில் சீழ் இருக்கும்போதும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்கடங்காதபோதும், மாரடைப்பு வந்து அதிக நாள் ஆகாதபோதும் முதலில் அவற்றைச் சீர்செய்துகொள்ள வேண்டும். புராஸ்டேட் தொல்லைக்கு டாம்சுலோசின் உட்கொள்பவர்கள் அதை மறவாமல் சொல்ல வேண்டும். அம்மருந்து பாப்பா விரிவதைத் தடுப்பதால், வைத்தியர் முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்வார். ரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து.

வெயில் காலத்தில் செய்யக்கூடாதென்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. பார்க்க வேண்டியது வேறு: வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட ஓர் ஆள் சில வாரங்கள் வீட்டில் இருப்பாரா, அறுவடையோ கல்யாணமோ குறுக்கிடுமா என்பதே. செலவைப் பொறுத்தமட்டில், சென்னை எழும்பூர் கண் மருத்துவமனை முதலிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே செய்கிறார்கள். தனியாரிடம் போனால், ஒரே தூரத்துக்கான சாதாரண லென்ஸுக்கும் பல தூரங்களுக்கான விலையுயர்ந்த லென்ஸுக்கும் உள்ள பேதத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து யோசிக்கலாம். சாதாரண லென்ஸ் தூரப் பார்வையைத் தெளிவாகவே தரும். படிக்க மட்டும் கண்ணாடி வேண்டியிருக்கும். பல தூர லென்ஸில் இரவு விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதுண்டு.

இரண்டாவது கண்ணுக்கும் இதே அளவுகோல்தான். ஆனால் இரு கண்களின் பவருக்கும் இடையே பெரிய வித்தியாசம் நேர்ந்து தலை சுற்றினால், அதை அதிக நாள் தள்ளிப்போட வேண்டியதில்லை. சிகிச்சைக்குப் பின் லேசான உறுத்தல் இயல்பு. வலி ஏறுவதும், சிவப்பு கூடுவதும், தெளிந்த பார்வை மறுபடி மங்குவதும் உட்புறத் தொற்றுக்கு அறிகுறிகளாக இருக்கக்கூடுமாதலால், குறித்துக் கொடுத்த மறுபரிசோதனைத் தேதி வரை பொறுத்திராமல் அன்று இரவே ஆனாலும் சிகிச்சை செய்த இடத்துக்குப் போய்விட வேண்டும்.