கற்பிப்போரும் கற்போரே

நுழையும்முன்

ஆசிரியரின் கல்வி பட்டம் பெற்றதோடு நிறைவடைவதன்று. அறிவியல் ஆசிரியருக்குப் பணியிடைப் பயிற்சி எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

1972ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில், 16 நடுநிலைப் பள்ளிகளில் புதிய அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் பயிற்சி முகாம்களில் ஆசிரியர்கள் விரிவுரை கேட்பதோடு நில்லாமல், மாணவர்க்குரிய சோதனைகளை முதலில் தாமே குழுக்களாகச் செய்தனர். முடிவு மாறுபட்டபோது காரணம் தேடினர். வகுப்பறையில் எழுந்த ஐயங்களை மாதந்தோறும் கூடி ஆராய்ந்தனர். விடை தெரியாதபோது, "சோதித்துப் பார்ப்போம்" என்று மாணவரிடம் கூறும் துணிவை அப்பயிற்சி வளர்த்தது. 2002ஆம் ஆண்டு அரசு அத்திட்டத்தை நிறுத்திய போதிலும், அது காட்டிய நெறி எவ்வூருக்கும் பொருந்தும்.

புதுக்கோட்டை மாவட்டக் கடலோர ஊரான கோட்டைப்பட்டினத்தை எண்ணிப் பாருங்கள். கருவாட்டுக்காக உப்பிட்ட மீனிலிருந்து நீர் வடிவதை அவ்வூர்ப் பிள்ளைகள் அறிவர். பாடநூலோ சவ்வூடுபரவலைக் கூறுகிறது. இரண்டும் ஒன்றே எனக் காட்ட வேண்டியவர் ஆசிரியர். உருளைக்கிழங்குத் துண்டில் உப்பிட்டு, நீர் கசிவதைப் பயிற்சியில் தம் கண்ணால் கண்டவர், மாணவரின் 'ஏன்' என்னும் வினாவை வரவேற்பார். வரையறையை மட்டும் மனனம் செய்தவர் அதனைத் தவிர்ப்பார். தவிர்க்கப்படும் ஒவ்வொரு வினாவோடும் ஒரு மாணவரின் அறிவியல் ஆர்வமும் மங்குகிறது. ஆதலின், ஆசிரியர் பெறும் பயிற்சி மாணவரின் உரிமையும் ஆகும்.