உள்ளத்தில் தங்கும் ருசி



எந்தப் பாட்டைக் கேட்கலாம், எந்தப் புத்தகத்தை வாசிக்கலாம் என்று நம் வாலிபர் வினவுகிறார்கள். பெற்றோரோ, பிள்ளைகள் கைப்பேசியே கதியென்று இருக்கிறார்கள் என முறையிடுகிறார்கள். ஆகாதவை இன்னின்னவை என்று அட்டவணை எழுதிக் கொடுப்பது எளிது. ஆனால் அடுத்த மாதமே அது பழசாகிவிடும். எக்காலத்துக்கும் உதவும் உரைகல் ஒன்றை அர்ச். இஞ்ஞாசியாரின் சரித்திரம் நமக்குத் தருகிறது.

1521-ம் ஆண்டு மே மாதம் ஸ்பெயின் தேசத்தில், பாம்ப்லோனா கோட்டையைக் காத்த போரில், பீரங்கிக் குண்டு பட்டு அவர் வலது கால் முறிந்தது. லொயோலாவிலுள்ள குடும்ப மாளிகையில் பல மாதம் படுக்கையில் கிடந்தார். பொழுது போக்க, தமக்குப் பிரியமான வீரசாகசக் கதைகளைக் கேட்டார். அப்படிப்பட்ட புத்தகம் ஒன்றுகூட வீட்டில் அகப்படவில்லை. கிடைத்தவை கிறிஸ்துநாதருடைய சரித்திரமும் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரமுமே. வேறு வழியின்றி அவற்றை வாசித்தார்.

வாசிப்பின் நடுவே அவர் மனம் இரண்டு திசையில் ஓடியது. ஒரு வேளை, உயர்குலச் சீமாட்டி ஒருத்திக்காகத் தாம் செய்யப்போகும் வீரச் செயல்களை எண்ணி மணிக்கணக்காய் மகிழ்வார். மற்றொரு வேளை, அர்ச். பிரான்சிஸ்குவும் அர்ச். சாமிநாதரும் செய்ததைத் தாமும் செய்தால் என்ன என்று எண்ணி மகிழ்வார். கவனியுங்கள்: எண்ணும்போது இரண்டுமே இனித்தன. வித்தியாசம் பிறகுதான் தெரிந்தது. முதல் நினைவு நீங்கியபின் உள்ளம் வறண்டு, திருப்தியற்றுக் கிடந்தது. இரண்டாவது நீங்கிய பின்பும் சந்தோஷம் நிலைத்தது. பிற்காலத்தில் அவர் ஞான அப்பியாசங்களில் எழுதிய பகுத்தறியும் விதிகளுக்கு இதுவே வித்தாயிற்று. வாசித்ததில் முக்கியமானவற்றை அவர் எழுதி வைக்கவும் தொடங்கினார். ஆண்டவரின் வாக்கியங்களைச் சிவப்பு மையாலும், தேவமாதாவின் வாக்கியங்களை நீல மையாலும் எழுதினார்.

பாட்டுக்கும் இதே உரைகல் பொருந்தும். அர்ச். அகுஸ்தீனார் 387-ல் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்ற நாட்களில், கோவிலில் பாடிய கீதங்களைக் கேட்டுக் கண்ணீர் விட்டார். ஆயினும், பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை அதிகம் கவர்ந்த வேளைகள் உண்டென்றும், அது குற்றமென்றும் அவரே எழுதியிருக்கிறார். அதற்காகப் பாட்டை விலக்கச் சொன்னாரா? இல்லை. காதின் இன்பத்தின் வழியாய்ப் பலவீனமான உள்ளமும் பக்திக்கு உயரும் என்று கோவில் பாடலை ஆதரித்தார்.

அப்படியானால் ஞானப் புத்தகமும் தேவ கீர்த்தனையும் தவிர மற்றெல்லாம் ஆகாதவையா? அப்படியல்ல. ஏழையின் துயரை உணரச் செய்யும் நல்ல கதை இந்தச் சோதனையில் தேறும். குழந்தையை உறங்க வைக்கும் தாலாட்டும் தேறும். ஆனால் பூசையில் பாடிவிட்டு, யார் தனித்துப் பாடுவது என்று ஒரு வாரம் முகங்கொடுத்துப் பேசாதிருந்தால், அந்தக் கீர்த்தனை நம்மிடம் பலன் தரவில்லை. அயலாரைப் பற்றி வந்த செய்தியை வாசித்தபின் அவரைக் கண்டு முகம் சுளித்தால், தங்கிய ருசி கசப்பே.

இங்கே ஓர் எச்சரிக்கை. நல்லது எப்போதும் இதமாயிருக்கும் என்று எண்ண வேண்டாம். பாவ வழியில் நடப்பவனுடைய மனச்சாட்சியை நல்ல ஆவி குத்தும் என்றும் இஞ்ஞாசியார் போதிக்கிறார். ஒரு புத்தகம் நம்மைக் குத்தி, பாவசங்கீர்த்தனத்துக்கு நடத்தினால் அது மருந்து. மனம் நோகிறது என்று அதை மூடி வைக்கலாகாது.

இந்த வார அப்பியாசம்: இரவு ஜெபமாலைக்கு முன் ஐந்து நிமிடம் வீட்டார் அனைவரும் கூடி அமருங்கள். ஒவ்வொருவரும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லட்டும். இன்று நான் விரும்பிக் கேட்டது அல்லது வாசித்தது எது? அது முடிந்தபின் என் உள்ளத்தில் தங்கியது என்ன? அதன்பின் வீட்டாரோடு நான் பேசிய முதல் வார்த்தை எப்படி இருந்தது? பிள்ளைகளை மட்டும் கேட்டுவிட்டுத் தகப்பனும் தாயும் தப்பித்துக்கொள்ளக் கூடாது. பெரியவர்கள் முதலில் உண்மையாய்ப் பதில் சொன்னால், பிள்ளைகள் தங்கள் கைப்பேசியைத் தாங்களே பரிசோதிக்கக் கற்றுக்கொள்வார்கள்.

சமாதானத்தின் இராக்கினி நம் இல்லங்களைக் காப்பாராக.