கியர் மாறும்போது குலுங்குகிறதே!

கேள்வி: என்னுடையது 2015 மாடல் செலேரியோ ஆட்டோமேட்டிக். அருப்புக்கோட்டை போகும்போது இரண்டிலிருந்து மூன்றாம் கியர் விழுகையில் வண்டி குலுங்குகிறது. கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், வீரசோழன்

பதில்: அவசரப்படாதீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது ஏ.எம்.டி. (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்). 2014-ல் செலேரியோவில்தான் மாருதி இதைக் கொண்டுவந்தது. உள்ளே இருப்பது வழக்கமான மேனுவல் கியர்பாக்ஸும் கிளட்சும்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் போடுவதையும் ஆக்சுவேட்டர் பார்த்துக்கொள்கிறது. கிளட்ச் தேய்ந்தாலும், ஆக்சுவேட்டர் ஆயில் குறைந்தாலும் குலுங்கும்.

முதலில் அந்த ஆயில் அளவைப் பாருங்கள். அடுத்து, ஸ்கேனர் போட்டு கிளட்ச் தேய்மானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கிளட்ச் மாற்றினால், புது கிளட்சை கம்ப்யூட்டருக்குப் பழக்கும் 'ரீலேர்னிங்' கட்டாயம். கிளட்ச் சீக்கிரம் தேயாமலிருக்க, மேட்டில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்காதீர்கள், பிரேக்கை மிதியுங்கள். இத்தனையும் பார்த்த பிறகுதான் கியர்பாக்ஸைக் கழற்றும் பேச்சே வர வேண்டும்.